பட்டணம் பார்ப்பது யாருக்கு?

பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி, குடியாத்தம் ஆகிய நம் தோல் தொழில் ஊர்களில் சென்னைப் பட்டணத்திற்கு ஒரு தடவையேனும் போய் வராத குடும்பம் அதிகம் இராது. ஆனால் சென்னைப் பட்டணத்தைப் பார்த்த குடும்பம் எத்தனை என்று கணக்கெடுத்தால் விரல் விட்டு எண்ணி விடலாம். தோல் சரக்கோடு பெரியமேட்டுக்குப் போகிறவர் மண்டியையும் ஓட்டல் சாப்பாட்டையும் கண்டு திரும்புகிறார். நோயாளியோடு போகிறவர் ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் படுத்து எழுந்து திரும்புகிறார். வழக்குக்குப் போகிறவர் ஹைக்கோர்ட்டு மரத்தடியில் வக்கீலுக்காகக் காத்து நின்று திரும்புகிறார். ஊருக்கு வந்ததும், "பட்டணம் எப்படி இருக்கிறது?" என்று கேட்டால், "ஒரே ஜனக்கூட்டம்" என்பதற்கு மேல் சொல்ல அவர்களிடம் ஒன்றும் இருப்பதில்லை.

இது அவர்களுடைய குற்றமல்ல. ஊர் பார்ப்பது என்பது பணமும் ஓய்வும் உள்ளவர்களுக்கு ஏற்பட்ட காரியமென்றும், உழைக்கிறவன் வெளியூர் போவதானால் அதற்கு ஒரு சாவோ, கல்யாணமோ, வேண்டுதலோ காரணமாக இருக்கவேண்டுமென்றும் நம் மக்கள் நெடுங்காலமாக நினைக்கும்படி செய்யப்பட்டிருக்கிறார்கள். கடன் வாங்கிக்கொண்டு மொட்டையடிக்கப் போகிறவனை "பக்திமான்" என்கிறோம். அதே பணத்தில் பாதியைச் செலவு செய்து பெண்டு பிள்ளைகளுக்கு ஒரு நல்ல காட்சிசாலையைக் காட்டி வருகிறவனை "ஊதாரி" என்கிறோம். இந்தத் தராசு யார் கையில் இருந்து வந்தது என்பதை யோசித்துப் பார்க்க வேண்டாமா?

பட்டணம் என்பது யாரோ அயலாருடைய சொத்து, நாம் எட்டி நின்று பார்க்கவேண்டியது என்கிற எண்ணமே முதலாவது தப்பு. தென்னிந்தியாவில் முதல் பிரயாணி ரயில் ஓடியது 1856-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 1-ந் தேதி. அது ராயபுரத்திலிருந்து ஓடியது எந்தப் பக்கம்? நம் பக்கத்து வாலாஜா ரோட்டுக்குத்தான். அந்த நாள் தொட்டு நம் பக்கத்துச் சரக்கும் நம் பக்கத்து ஆட்களும் பட்டணத்துக்குப் போனவண்ணமே இருக்கின்றன. பெரியமேட்டுத் தோல் மண்டிகளில் நம் ஊர்ச் சரக்கு நாற்றம் இல்லாத நாள் உண்டா? அடையாறில் 1948-ஆம் ஆண்டில் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் ஏற்பட்டது எந்தத் தொழிலுக்காக? நாம் சுண்ணாம்புக் குழியில் கால் வைத்துச் செய்யும் தொழிலுக்காகத்தானே? தோல் தொழிலின் கழிவால் பாலாறும் கிணறுகளும் கெட்ட கதை 1996-ஆம் ஆண்டு சுப்ரீம் கோர்ட்டுத் தீர்ப்பிலேயே ஏறியிருக்கிறது. ஆற்றுத் தண்ணீரையும் தேக ஆரோக்கியத்தையும் கொடுத்து இந்நாட்டின் வருமானத்தைப் பெருக்கியவர்கள், அந்த வருமானத்தால் நடக்கும் பொது ஸ்தாபனங்களின் வாசற்படியை மிதிக்கக் கூச்சப்படுவது என்ன நியாயம்?

நிற்க, நம் பாட்டன் பாட்டிமார் இந்த விஷயத்தில் நம்மைவிடத் தைரியசாலிகளாகவே இருந்திருக்கிறார்கள். அந்தக் காலத்தில் கிராமத்து ஜனங்கள் பட்டணம் போனால் "செத்த காலேஜ்", "உயிர் காலேஜ்" இரண்டையும் பார்க்காமல் திரும்பமாட்டார்கள். செத்த காலேஜ் என்பது எழும்பூர் மியூசியம். உயிர் காலேஜ் என்பது சென்டிரல் ஸ்டேஷனுக்கு அருகில் இருந்த மிருகக் காட்சிசாலை. பள்ளிக்கூடத்து வாசலையே காணாத மக்கள், தங்களுக்கும் ஒரு காலேஜ் உண்டு, அங்கே நுழைய மார்க்கும் வேண்டாம் சாதியும் வேண்டாம் என்று கண்டுகொண்டு வைத்த பெயர் அது. அந்தப் பெயரில் உள்ள அறிவு படித்தவர்கள் வைத்த பெயர்களில் இல்லை. உயிர் காலேஜ் 1985-ஆம் ஆண்டில் வண்டலூருக்குப் பெயர்ந்து விசாலமான காட்டுக்குள் அமைந்துவிட்டது. செத்த காலேஜ் மட்டும் அதே பாந்தியன் ரோட்டில், பெரியமேட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில்தான் இன்னும் இருக்கிறது. நம்மவர்களோ அந்த வழியாகப் போகிறார்கள், உள்ளே போவதில்லை.

உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்குச் சொல்லுகிறோம். இந்த மியூசியம் 1851-ஆம் ஆண்டில் ஏற்பட்டது. திமிங்கலத்தின் எலும்புக்கூடும், பாடம் பண்ணிய மிருகங்களும் பறவைகளும் அங்கே உண்டு. தோலைத் தொட்ட மாத்திரத்தில் அதன் தரம் சொல்லக்கூடிய நம் தோழர்கள் அந்த மிருகங்களின் முன் நின்றால், எந்தத் தையல் சரி, எந்தத் தோல் சரியாகப் பதப்படவில்லை என்று அங்குள்ள உத்தியோகஸ்தருக்கே சொல்லுவார்கள். படித்தவன் வியப்பதைக் காட்டிலும் தொழிலாளி அதிகமாக அறியக்கூடிய இடம் அது.

அதே மியூசியத்தில் கல்லாயுதங்கள் இருக்கின்றன. ராபர்ட் புரூஸ் பூட் என்கிற வெள்ளைக்காரப் பூகர்ப்ப சாஸ்திரி 1863-ஆம் ஆண்டில் பல்லாவரத்தில் ஒரு கல்லைக் குனிந்து எடுத்தார். வழியில் போன ஆயிரம் பேர் காலால் எற்றிய கல்தான் அது. அவர் அதைக் கையில் எடுத்து, இது ஆதி மனிதன் செதுக்கிய ஆயுதம் என்றார். அதன்பின் அவர் சேர்த்த சரக்குகள் இந்த மியூசியத்துக்கு வந்து சேர்ந்தன. திருவள்ளூர்ப் பக்கம் அத்திரம்பாக்கத்தில் கிடைத்த கல்லாயுதங்கள் ஏறக்குறைய 15 லட்சம் ஆண்டுகளுக்கு முந்தியவை என்று 2011-ஆம் ஆண்டில் ஆராய்ச்சியாளர்கள் வெளியிட்டார்கள். தலையிலிருந்து ஒருவன் பிறந்தான், காலிலிருந்து ஒருவன் பிறந்தான் என்ற கதையைக் கேட்டு வளர்ந்த பிள்ளை ஒன்று, அந்தக் கல்லின் முன் ஐந்து நிமிஷம் நின்றால் போதும். கல்லைச் செதுக்கிய கை யாருடையது? உழைத்த கை. அந்தக் கைக்கு அன்று சாதி இல்லை. நாம் மேடை போட்டு ஒரு மணி நேரம் பேசுவதை அந்தக் கல் பேசாமலே சொல்லிவிடுகிறது.

செப்புச் சிலைகள் வைத்திருக்கும் கட்டடத்தையும் பார்க்கவேண்டும். நாம் இதைச் சொல்லுவது சிலருக்கு ஆச்சரியமாயிருக்கலாம். கோவிலில் இதே மாதிரிச் சிலைக்குக் கிட்டப் போகப் பல பேருக்கு 1947-ஆம் ஆண்டு ஆலயப் பிரவேசச் சட்டம் வரை உரிமை இல்லாமலிருந்தது. கர்ப்பக்கிரகத்துக்கு இன்றைக்கும் எட்டத்தான் நிற்கவேண்டும். எண்ணெயும் புகையும் பூவும் பட்டும் மூடியிருப்பதால் சிலையின் முகங்கூடத் தெரியாது. மியூசியத்திலோ, முஸ்லிமும் கிறிஸ்தவனும் தோல் ஷாப்புத் தொழிலாளியும் பீடி சுற்றும் பெண்ணும் ஒரு முழ தூரத்தில் நின்று, எந்த ஊர், எந்த நூற்றாண்டு, என்ன உலோகம் என்ற சீட்டைப் படித்துப் பார்க்கலாம். இது ஆகாயத்திலிருந்து குதித்ததல்ல, மெழுகில் உருச்செய்து, மண்பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றி, உலோகத்தைக் காய்ச்சி ஊற்றிய ஒரு தொழிலாளியின் கைவேலை என்பது அங்கேதான் விளங்கும். கும்பிட்டவன் காணாத அழகைப் பார்க்க வந்தவன் காண்கிறான். செய்தவனுக்கு உரிய மரியாதையும் அங்கேதான் அவனுக்குக் கிடைக்கிறது. அமராவதிப் பௌத்தச் சிற்பங்களும் அதே வளைவுக்குள் இருக்கின்றன. இந்த நாட்டில் ஒரு காலத்தில் யாகத்தையும் வேள்வியையும் மறுத்த ஒரு மார்க்கம் எவ்வளவு செழித்திருந்தது என்பதற்கு அந்தச் சுண்ணாம்புக் கற்கள் சாட்சி.

மியூசியத்தை ஒட்டியே 1896-ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட கன்னிமரா நூல்நிலையம் இருக்கிறது. கோட்டூர்புரத்தில் 2010-ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட அண்ணா நூற்றாண்டு நூலகம் இருக்கிறது. குழந்தைகளுக்குத் தனி இடம், கண் தெரியாதவர்களுக்குத் தனி இடம், சொந்தப் புத்தகத்தைக் கொண்டுபோய்ப் படிப்பவர்களுக்குத் தனி இடம் என்று அங்கே ஏற்பாடு. நூல்நிலையத்தில் பார்க்க என்ன இருக்கிறது என்று சிலர் கேட்பார்கள். நம் பிள்ளைகள் பார்க்கவேண்டியது புத்தகங்களை மாத்திரமல்ல, தங்களைப் போன்ற பிள்ளைகள் நூற்றுக்கணக்கில் உட்கார்ந்து படிப்பதையும்தான். பத்தாவது தேறினால் ஷூ கம்பெனிக்குப் போகவேண்டியதுதான் என்று எண்ணியிருக்கும் ஒரு பெண் குழந்தைக்கு அந்தக் காட்சியைவிடப் பெரிய காட்சி வேறென்ன இருக்கிறது?

கோட்டூர்புரத்திலேயே 1988-ஆம் ஆண்டில் ஏற்பட்ட பிர்லா கோளரங்கம் உண்டு. இருட்டறையில் உட்கார்ந்தால் நட்சத்திரங்களின் போக்கையும் கிரகங்களின் சுற்றையும் தலைக்கு மேலே காட்டுகிறார்கள். ராகுவும் கேதுவும் சூரியனை விழுங்கிக் கக்குவதாகச் சொல்லி, கர்ப்பிணிப் பெண்ணை இருட்டறையில் அடைத்து வைக்கும் வீடு நம் தெருவில் இன்னும் இருக்கிறதா இல்லையா? அந்த வீட்டாரை ஒரு தடவை இங்கே அழைத்து வந்தால், நிழல் எங்கே விழுகிறது, ஏன் விழுகிறது, அடுத்த கிரகணம் எந்த நிமிஷத்தில் வரும் என்பது கணக்குப்போட்டுச் சொல்லும் காரியம் என்பது விளங்கிவிடும். அந்த ஆசை வந்தவர்களுக்கு நாம் இன்னொன்றும் சொல்லுவோம். நம் பக்கத்திலேயே, ஆலங்காயத்துக்கு அருகே ஜவ்வாது மலையில் காவலூரில், 1986-ஆம் ஆண்டு முதல் 2.34 மீட்டர் கண்ணாடி கொண்ட பெரிய தூரதரிசினி வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. உலகத்து வான சாஸ்திரிகள் அறிந்த அந்த மலையை அதன் அடிவாரத்து ஜனங்கள் அறியாமலிருப்பது எவ்வளவு பரிதாபம்!

கிண்டியில் பாம்புப் பண்ணை இருக்கிறது. பாம்புக்குப் பால் உணவல்ல என்பதும், மகுடியின் இசைக்கு அது மயங்குவதில்லை, மகுடி அசைவதைப் பார்த்தே அசைகிறது என்பதும் அங்கே போனால் சந்தேகமறத் தெரியும். இது வெறும் வேடிக்கை விஷயமல்ல. மலையடிவாரத்து ஊர்களாகிய நம் சுற்றுப்புறத்தில் பாம்பு கடித்தவனை மந்திரிக்கத் தூக்கிக்கொண்டு போய், ஆஸ்பத்திரிக்கு நேரங்கடந்து கொண்டுவந்து, உயிரை விட்ட குடும்பங்கள் உண்டு. கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலியில் இருளர் தோழர்கள் 1978-ஆம் ஆண்டில் ஏற்படுத்திய கூட்டுறவுச் சங்கம் பாம்பின் விஷத்தை எடுத்து முறிவு மருந்து செய்வதற்குக் கொடுத்து வருகிறது. அதைக் கண்ணால் பார்த்தவன் அடுத்த தடவை மந்திரக்காரன் வாசலுக்குப் போகமாட்டான். ஒரு நாள் காட்சி ஓர் உயிரைக் காப்பாற்றும் என்றால், அதை வேடிக்கை என்று சொல்லுவது தகுமா?

சாயங்காலம் மெரினாக் கடற்கரைக்குப் போகவேண்டும். கடலைப் பார்ப்பதற்கு மாத்திரமல்ல. அங்கே நான்கு ஆட்கள் ஒரு பாறையைப் பெயர்க்கும் உழைப்பாளர் சிலை இருக்கிறது. தேவி பிரசாத் ராய் சவுத்ரி செய்து 1959-ஆம் ஆண்டில் நிறுத்தப்பட்டது. ராஜாவுக்கும் லாட்டுக்கும் சிலை வைத்த பட்டணத்தில், பெயரில்லாத நான்கு கூலியாட்களுக்கும் சிலை இருக்கிறது என்பதை நம் தொழிலாளி தன் பிள்ளைக்குக் காட்டவேண்டும். இந்தியாவில் முதன்முதலாக மே தினம் கொண்டாடப்பட்டதும் இந்தக் கடற்கரையில்தான். 1923-ஆம் ஆண்டில் தோழர் சிங்காரவேலர் கொண்டாடினார். எட்டு மணி நேர வேலை என்பது எந்த முதலாளியும் தர்மமாகப் போட்ட பிச்சையல்ல என்பதை அந்த மணலில் உட்கார்ந்து சொன்னால் பிள்ளைகள் மறக்கமாட்டார்கள்.

இனி, வெளிநாட்டைப் பார்ப்போம். கனடா தேசத்தில் டொரண்டோ என்னும் பெரிய நகரம் இருக்கிறது. 1983-ஆம் ஆண்டு இலங்கைக் கொடுமைக்குப் பின் உயிருக்குத் தப்பிப் போன தமிழர்கள் ஏராளமாகக் குடியேறிய ஊர் அது. வேடிக்கை பார்க்கப் போகிறவர்கள் முதலில் ஓடுவது 553 மீட்டர் உயரமுள்ள சி.என். கோபுரத்துக்கு. 1976-ஆம் ஆண்டில் திறந்த அந்தக் கோபுரத்தின் மேலே ஏறப் பெருந்தொகை கொடுக்கவேண்டும். ஆனால் அந்நகரத்தின் உண்மையான பெருமை கோபுரத்தில் இல்லை. 100 கிளைகள் கொண்ட பொது நூல்நிலையம் அங்கே இருக்கிறது. தமிழ்ப் புத்தகமும் அதில் உண்டு. நூல்நிலையச் சீட்டு வைத்திருக்கும் ஏழைக் குடும்பமும் காட்சிசாலைகளைக் காசில்லாமல் பார்த்து வர அந்த நூல்நிலையமே அனுமதிச் சீட்டுக் கொடுக்கும் ஏற்பாடும் செய்திருக்கிறது. காட்சி என்பது காசுள்ளவனுக்கு மாத்திரம் என்ற எண்ணத்தை அந்த ஊர் ஓரளவுக்கேனும் உடைத்திருக்கிறது.

அந்த ஊரிலிருந்து நாம் கற்கவேண்டியது இன்னொன்றும் உண்டு. 1969-ஆம் ஆண்டில் திறந்த ஒண்டாரியோ விஞ்ஞானக் காட்சிசாலையை, கூரை பழுதென்று சொல்லி 2024-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் மாகாண சர்க்கார் திடீரென்று மூடிவிட்டது. உடனே ஜனங்கள் கிளம்பி எதிர்த்தார்கள். ஏன்? குழந்தையாயிருந்தபோது அதற்குள் போய்ப் பார்த்தவர்கள் அவர்கள். இங்கேயும், அண்ணா நூற்றாண்டு நூலகத்தை 2011-ஆம் ஆண்டில் ஆஸ்பத்திரியாக மாற்றச் சர்க்கார் தீர்மானித்தபோது, அதை உபயோகித்தவர்களும் அதன் அருமை அறிந்தவர்களும் ஹைக்கோர்ட்டுக்குப் போய்த் தடுத்தார்கள். இரண்டிலிருந்தும் தெரிவது ஒன்றே. எந்தப் பொதுச்சொத்தில் மக்கள் கால் பதிந்திருக்கிறதோ அதை எளிதில் பறிக்கமுடியாது. எதை நாம் எட்டிப் பார்ப்பதே இல்லையோ, அது மூடப்பட்டாலும் விற்கப்பட்டாலும் நமக்குச் செய்திகூட வராது. ஆகவே பட்டணம் பார்ப்பது பொழுதுபோக்கு மாத்திரமல்ல, நம் சொத்தை நாம் கணக்குப் பார்ப்பதும் ஆகும்.

"வயிற்றுக்கே வழியில்லை, வேடிக்கைக்கு எங்கே போவது?" என்று ஒரு கேள்வி வரும். கேள்வி நியாயமானதே. ஆனால் வயிற்றுக்கு வழியில்லாதவன் வீட்டிலிருந்துதான் வருஷா வருஷம் உண்டியலுக்கும், காவடிக்கும், கந்தூரிக்கும், சீர்வரிசைக்கும் பணம் புறப்படுகிறது என்பதை மறுக்கமுடியுமா? ஆம்பூருக்கோ குடியாத்தத்துக்கோ பஸ்ஸில் போய் விடியற்காலை ரயில் ஏறினால் முற்பகலில் பட்டணம். கட்டுச்சோறு கையில் இருந்தால் ஓட்டல் செலவும் இல்லை. சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்கள் காசில்லாமல் போகும் திட்டம் 2021-ஆம் ஆண்டில் வந்தது. மியூசியத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. வண்டலூருக்கும் பாம்புப் பண்ணைக்கும் செவ்வாய்க்கிழமை விடுமுறை. இதை அறியாமல் போய்ப் பூட்டைப் பார்த்துத் திரும்பவேண்டாம். எல்லாவற்றையும் ஒரே நாளில் பார்த்துத் தீர்க்கவும் வேண்டாம். காலையில் எழும்பூர், மாலையில் மெரினா என்று இரண்டே இடம் போதும். மற்றவை அடுத்த வருஷத்துக்கு இருக்கட்டும்.

முக்கியமாகப் பெண்களைப்பற்றிச் சொல்லவேண்டும். நம் ஊர்களில் ஆண்களேனும் சரக்கென்றும் வழக்கென்றும் வெளியே போய் வருகிறார்கள். முறத்தை மடியில் வைத்துப் பீடி சுற்றும் பெண்ணும், ஷூ கம்பெனியில் தையல் மிஷினுக்கு முன் குனிந்திருக்கும் பெண்ணும் பிறந்த வீடு, புகுந்த வீடு, கோவில் அல்லது தர்கா இவற்றைத் தவிர என்ன கண்டார்கள்? இந்து வீடானாலும் முஸ்லிம் வீடானாலும் இந்த விஷயத்தில் ஒற்றுமையாகவே இருக்கிறார்கள். அறுபது வயதாகியும் கடலைக் காணாத பெண்கள் நம் தெருவில் இருக்கிறார்கள். அவர்கள் தைத்த ஷூ எத்தனை கடல் தாண்டிப் போயிருக்கிறது! செய்த பொருளுக்கு இருக்கும் சுதந்திரம் செய்த கைக்கு இல்லை என்றால், இதைவிட வெட்கக்கேடு வேறு உண்டா?

ஆகவே நாம் சில வேண்டுகோள்கள் செய்துகொள்ளுகிறோம். தோல் ஷாப்பு, ஷூ கம்பெனி முதலாளிமார் ஆயுத பூஜைக்குப் பொரிகடலை கொடுப்பதோடு நில்லாமல், வருஷத்துக்கு ஒரு நாள் சம்பளத்தோடு விடுமுறை கொடுத்து, தொழிலாளர் குடும்பங்களைப் பட்டணம் பார்க்க அனுப்பட்டும். பள்ளிக்கூடத்து ஆசிரியர்கள் சுற்றுலா என்று பிள்ளைகளை நாலு கோவிலுக்கும் ஒரு பொழுதுபோக்குப் பூங்காவுக்கும் கூட்டிப்போவதை விட்டு, மியூசியத்துக்கும் கோளரங்கத்துக்கும் கூட்டிப்போகட்டும். காட்சிசாலை அதிகாரிகள், ஒவ்வொரு பொருளுக்கும் எளிய தமிழில், எழுத்துக் கூட்டிப் படிக்கிறவனுக்கும் விளங்கும்படி சீட்டு எழுதிவைக்கட்டும். படித்த வாலிபர்கள் ஆளுக்கு ஒரு படிக்காத குடும்பத்தை அழைத்துப்போய் நின்று நிதானமாக விளக்கட்டும்.

தோழர்களே! சரக்குக்கு மாத்திரம் பட்டணம், நமக்கு மண்டி வாசல் என்ற நிலைமை இனியும் வேண்டுமா? அடுத்த தடவை பெரியமேட்டுக்குப் போகிறவர்கள் கணக்கு முடிந்ததும் நேரே ஸ்டேஷனுக்குத் திரும்பாமல், பாந்தியன் ரோட்டுக்கு நடந்து செல்லுங்கள். அதற்கடுத்த தடவை மனைவியையும் மகளையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். பார்த்தவர்கள் வந்து தெருவில் சொல்லட்டும். கேட்டவர்கள் கேள்வி கேட்கட்டும். கேள்வி பிறந்தால் மற்றவை தானே பிறக்கும் என்பதே நம் நம்பிக்கை.